48 மணி நேரம் கமெண்ட்டை மூடிவையுங்கள்: கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி இயக்குநர்களுக்கும் கல்லூரி முதல்வர்களுக்கும் வணக்கம்.

கபடியில் தோற்ற பிள்ளை முழங்கால் உறையைக் கழற்றுவதற்குள் கல்லூரியின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ரீல் ஏறிவிடுகிறது. கடைசி ரெய்டில் அவள் பிடிபட்ட காட்சி ஸ்லோ மோஷனில் ஓடுகிறது. அவளுடைய சொந்தக் கணக்கும் டேக் செய்யப்பட்டிருக்கிறது. கீழே என்ன எழுதுகிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர்தான். மற்றதெல்லாம் அவள் நிறமும் உடம்பும் சாதியும்.

நாங்கள் கேட்பது இதுதான்: ஆட்டம் முடிந்த 48 மணி நேரத்துக்கு கமெண்ட்டை மூடிவையுங்கள். பிள்ளைகளைக் கேட்காமல் அவர்களை டேக் செய்யாதீர்கள்.

பதிவின் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கமெண்ட்டை நிறுத்தும் வசதி வரும். யூடியூப் நேரலையில் ‘லைவ் சாட்’ வசதியை அணைத்துவிடலாம். ஒரே பதிவை அவள் கணக்கோடு சேர்ந்து போடும் ‘கொலாப்’ வேண்டவே வேண்டாம். கல்லூரிப் பக்கத்தில் விழும் வசை அவள் பக்கத்திலும் அப்படியே தெரியும். வசைச் சொல் உள்ள கமெண்ட்டை மறைக்கும் ‘ஹிட்டன் வேர்ட்ஸ்’ வடிகட்டியை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழ் வசை அதில் நழுவிவிடும். ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். நாலையும் நீங்களே பட்டியலில் சேர்க்க வேண்டும்.

“போனைத் தூக்கிப் போடு” என்று சொல்வது எளிது. ஓப்பன் டோர்னமென்ட் அழைப்பும் அணி கிளம்பும் நேரமும் அந்தப் போனில்தான் வருகின்றன. இரவு ஒரு மணி வரை போர்வைக்குள் கமெண்ட் படித்தவள், காலை ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்கிறாள். தூக்கமில்லாத உடம்பு மந்தமாகத்தான் இருக்கும். கணுக்காலுக்குக் கை வருவது கண்ணுக்குத் தெரிந்தும் கால் எழாது. பயிற்சியாளரோ ஸ்டாமினா இல்லையென்று இன்னும் நாலு ரவுண்டு ஓடவிடுகிறார்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 2024இல் வெளியிட்ட ஆய்வில் 5,000க்கும் மேற்பட்ட பதிவுகள் வசை, மிரட்டல் என்று உறுதியாயின. அங்கே எண்ணிப் பார்க்கவாவது ஆள் இருக்கிறது. இங்கே பக்கத்தை நடத்துவது ஏதோ ஒரு மாணவர்; யார் பொறுப்பு என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கைகாட்டுகிறார்கள். பயணப்படிக்கும் ஷூவுக்கும் மாதக்கணக்கில் அலையும் பிள்ளைகளுக்கு இந்தச் சுமையும் வேண்டுமா?

அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ விடுதிப் பலகையில் ஒட்டுங்கள். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். அடுத்த ஆட்டத்துக்கு முன், பக்கத்தை நடத்தும் மாணவரை அழைத்து அந்த மூன்று புள்ளிகளைக் காட்டிக்கொடுங்கள். 48 மணி நேரம் மட்டும், தயவுசெய்து.

இப்படிக்கு,
கல்லூரி விளையாட்டு மாணவர்களின் நலன் நாடுவோர்