புளி போட்டுத் தேய்க்கும் முன்: பழைய வீட்டுச் சாமான்களை விற்க வருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

செட்டிநாட்டுப் பழைய வீடுகளில் பங்கு உள்ள ஐயாமார்களுக்கும் ஆச்சிமார்களுக்கும், சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நான்கு நாள் லீவில் வந்து வீட்டை ஒழிக்கிற உங்கள் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு நான் கடையில் உட்கார்ந்து 28 வருடம் ஆகிறது. உங்களில் பலர் என் கடைப் படி ஏறியவர்கள். சிலர் திட்டிவிட்டும் போயிருக்கிறீர்கள், நானும் சிலரிடம் கோபப்பட்டிருக்கிறேன். சாமானை நடுவில் வைத்து விலை பேசும்போது நான் எதைச் சொன்னாலும் விலையை அடிக்கச் சொல்கிற சாக்காகத்தான் உங்கள் காதில் விழும். அதனால் விலை பேசாத நேரத்தில் இதை எழுதுகிறேன்.

போன மாதம் ஓர் அண்ணன் தூண்டாமணி விளக்கு ஒன்று கொண்டு வந்தார். எண்ணெய் குறையக் குறையத் தானே சொட்டி நிரப்பும் பறவை வைத்த விளக்கு. அப்படி ஒன்று முழுதாகக் கிடைத்து எனக்குச் சில வருடங்கள் ஆகிவிட்டன. துணியைப் பிரித்ததும் மனசு உடைந்துவிட்டது. பளபளவென்று மின்னுகிறது. பாத்திரக் கடையில் ஆசிட்டில் முக்கி, மிஷினில் பாலீஷ் போட்டு எடுத்து வந்திருக்கிறார். பறவையின் இறகில் இருந்த கோடுகள் மழுங்கி, கண் இருந்த இடத்தில் ஒரு மேடு மட்டும் மிச்சம். சங்கிலி எங்கே என்று கேட்டேன். "அது தனியாகக் கிடந்தது, எடைக்குப் போட்டாச்சு" என்றார்.

அவர் மேல் தப்பே இல்லை. நல்லபடியாகக் கொண்டுவர வேண்டும் என்று சொந்தக் காசைச் செலவழித்திருக்கிறார். ஆனால் அந்த விளக்கின் மதிப்பில் பெரும்பகுதி ஆசிட் தொட்டியிலேயே கரைந்துவிட்டது. வெண்கலமும் பித்தளையும் காலப்போக்கில் காற்றோடும் எண்ணெயோடும் சேர்ந்து மேலே ஒரு கருந்தோலை வளர்த்துக்கொள்கின்றன. விவரம் தெரிந்து வாங்குபவர் முதலில் பார்ப்பது அந்தத் தோலைத்தான். அது வர இரண்டு மூன்று தலைமுறை ஆகும், போக பத்து நிமிடம் போதும். பிறகு மருந்து போட்டுக் கறுப்பாக்கலாம், ஆனால் பழகிய கண்ணுக்கு அது உடனே தெரிந்துவிடும். புளி போட்டுத் தேய்ப்பதும் அடிக்கடி செய்தால் இதே வேலைதான். தூசியைக் காய்ந்த துணியால் துடையுங்கள், அது போதும்.

சாமிப் படங்களுக்கும் இதே கதி. ஓவியர் ரவிவர்மா அச்சகத்தின் பழைய லித்தோ (கல் அச்சு) படங்களுக்கு நம் வீட்டு ஆச்சிமார்கள் ஜரிகையும் சம்கியும் வைத்துத் தைத்து, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் நிஜப் புடவை கட்டிய மாதிரி செய்து வைத்திருப்பார்கள். அப்படி ஒரு படத்தில் ஜரிகை அழுக்காக இருக்கிறதென்று எல்லாவற்றையும் பிரித்து எறிந்துவிட்டு, படத்தை மட்டும் லேமினேட் செய்து கொண்டு வந்தார் ஒரு தம்பி. கூடவே, ரவிவர்மா ஓவியம் கோடிக்கணக்கில் ஏலம் போன செய்தியைப் போனில் காட்டினார். கோடிக்குப் போவது ரவிவர்மா தன் கையால் தீட்டிய எண்ணெய் ஓவியம். அவர் 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகம், அவர் 1906-ல் காலமான பிறகும் படங்களை அடித்துக்கொண்டே இருந்தது. ஏழை வீட்டுச் சுவரிலும் சாமி படம் மாட்ட வழி செய்த அச்சகம் அது. அதனால் படங்களும் ஏராளம். அந்தத் தம்பி கொண்டு வந்த படத்துக்குத் தனி மதிப்பு கொடுத்ததே அவர் பிரித்து எறிந்த ஆச்சியின் கைவேலைதான். அதை நான் சொன்னபோது அவர் நம்பவில்லை.

போனில் பார்க்கும் விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர் இணையத்தில் ஒரு பொருளுக்கு இரண்டு லட்சம் என்று போட்டிருப்பது அவர் கேட்கிற விலை. அந்த விலைக்கு யாராவது வாங்கினார்களா என்பது அந்தப் பக்கத்தில் இருக்காது. நான் ஒரு தேக்குப் பெட்டியை வாங்கினால் கீல் மாற்றி, பூச்சி அரித்த பலகைக்கு மருந்து அடித்து, கடை வாடகை கொடுத்துக்கொண்டு வைத்திருப்பேன். சில பெட்டிகள் ஒரே வாரத்தில் போகும், சில நாலு வருடம் நிற்கும். அதனால்தான் நான் விற்கிற விலையில் பாதிக்கும் சில சமயம் அதற்கும் கீழேயும் உங்களிடம் கேட்கிறேன். கேட்கக் கசப்பாக இருந்தாலும் உள்ள கணக்கு அதுதான்.

சிங்கர் தையல் மிஷினை நினைத்தால்தான் எனக்கு அதிக வருத்தம். உங்கள் அப்பத்தா மிதித்துத் தைத்த மிஷின், உங்களுக்கு அது விலை மதிப்பில்லாதது, புரிகிறது. ஆனால் ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் ஆலையில் மட்டும் லட்சக்கணக்கில் செய்து உலகம் முழுக்க அனுப்பிய பொருள் அது. அரிது இல்லாததால் விலையும் இல்லை. சிவப்புப் பாதரசம் உள்ளே இருக்கிறது என்று 2009-ல் சவூதியில் கிளம்பிய வதந்தியை இன்றும் நம்பி, மிஷினை லட்சக் கணக்கில் விலை பேசுகிறவர்கள் வருகிறார்கள். பாதரசமும் இல்லை, ஒன்றும் இல்லை. அதை விற்காமல் வீட்டில் வைத்து, எண்ணெய் போட்டு ஓட்டுங்கள். இன்னும் ஐம்பது வருடம் தைக்கும்.

இதைவிட மோசம் இரிடியம். இரிடியம் கலந்த, அரிசியை இழுக்கும் கலசம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வாரத்துக்கு ஒருவராவது போன் செய்கிறார். இரிடியம் பிளாட்டினம் வகையைச் சேர்ந்த ஓர் உலோகம், அது அரிசியை இழுக்காது. இரும்புத் தூள் கலந்த அரிசியும் ஒளித்து வைத்த காந்தமும்தான் அந்த வித்தை. கலசத்தைச் சோதிக்க ஆள் வருகிறார், அதற்கு முன்பணம் கட்டுங்கள் என்று சொல்லிப் படித்தவர்களிடமே லட்சங்களைப் பிடுங்கியிருக்கிறார்கள். இந்த நம்பிக்கையால் கோபுரக் கலசங்களும் திருடு போகின்றன. 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பதித்த கம்பெனிக் காசும் அப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அவை பிற்காலத்தில் யாரோ செய்து விற்ற வில்லைகள். உங்கள் அப்பச்சி அதைப் பூஜை அறையில் வைத்திருந்தால் அங்கேயே இருக்கட்டும்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். இதில் எங்கள் கை கட்டப்பட்டிருப்பது பலருக்குத் தெரியவில்லை. தொல்பொருள் சட்டம் 1972-ல் வந்து 1976 ஏப்ரலில் அமலானது. நூறு வயது தாண்டினாலே அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொல்பொருள். கல், உலோகம், தந்தம், சுடுமண் சிற்பங்கள், செதுக்கிய மரச் சிற்பம், ஓவியம், படம் வரைந்த சுவடி இவற்றைத் தொல்லியல் துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். இவற்றில் வியாபாரம் செய்கிற எங்களுக்கு லைசென்ஸ் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பூஜை அறைப் பஞ்சலோகச் சிலையை மஞ்சள் பையில் சுற்றி வந்து "சும்மா பாருங்கள்" என்று மேஜை மேல் வைக்கிறீர்கள். பதிவுச் சான்று இல்லாமல் நான் அதைத் தொட மாட்டேன். புலித்தோல், மான் கொம்பு, தந்தப் பிடி போட்ட கைத்தடி இவை தாத்தா காலத்தவையே ஆனாலும் வனவிலங்குச் சட்டப்படி விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. இதைச் சொன்னால் "பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக்கொள்வாரே" என்கிறீர்கள். வாங்குபவர் இருக்கலாம். போலீஸ் வரும்போது முதலில் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

இப்போது பங்காளிகள் விஷயம். என் தூக்கத்தைக் கெடுப்பது இதுதான்.

ஐந்து புள்ளிக்கு, அதாவது ஐந்து பங்காளிக் குடும்பத்துக்கு, சொந்தமான வீடு. நாலு பேர் வெளியூரில் இருக்கிறார்கள், சாவி ஐந்தாமவர் கையில். அவர் ஒரு சாயங்காலம் வண்டியில் நாலு ஊஞ்சல் சங்கிலி, ஒரு பெல்ஜியம் கண்ணாடி, பர்மாவிலிருந்து வந்த அரக்குக் கூடைகள் என்று கொண்டு வருகிறார். எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார், வாங்கினேன். ஆறு மாதம் கழித்து அவருடைய சித்தப்பா மகள் பழைய போட்டோவோடு வந்து கடையில் நின்று அழுதார். அந்தக் கண்ணாடி முன்னால்தான் அவருக்கு மாலை மாற்றினார்களாம். கண்ணாடி அதற்குள் கொச்சிக்குப் போய்விட்டது. புகார், ஸ்டேஷன், வக்கீல் என்று இரண்டு வருடம் அலைந்தேன். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால் எனக்கும் தண்டனை உண்டு. தெரியாது என்று நிரூபிக்கத்தான் அந்த இரண்டு வருடமும். அந்தப் பெண்ணுக்கும் அந்த வீட்டில் உரிமை இருந்தது, சட்டத்திலும் இருந்தது, மனசிலும் இருந்தது. அன்றிலிருந்து எல்லாப் பங்காளிகளின் கையெழுத்தும் இல்லாமல் ஒரு கரண்டிகூட வாங்குவதில்லை. பெண் மக்களின் கையெழுத்தும் சேர்த்துத்தான். கேட்டால் கோபித்துக்கொண்டு போகிறீர்கள். போகட்டும், இதில் நான் மாற மாட்டேன்.

நிலைக்கதவை அறுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நிலைக்கு மேலே லட்சுமி செதுக்கிய பலகையை மட்டும் ரம்பத்தால் அறுத்து எடுத்து வருகிறார்கள். மீதி நிலை விறகாகிறது. முழு நிலையாக இருந்தால் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் யாராவது அதை அப்படியே இன்னொரு வாசலில் நிறுத்துவார். அறுத்த பலகை சுவரில் மாட்டுகிற அலங்காரத்துக்குத்தான் ஆகும். ஜோடித் தூணில் ஒன்றை அண்ணன் எனக்கும், மற்றொன்றைத் தம்பி இன்னொரு கடைக்கும் விற்றதையும் பார்த்திருக்கிறேன். ஒற்றைத் தூணை வைத்துக்கொண்டு யார் என்ன கட்டுவார்கள்?

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் நேர்மையாகாது. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்த பிறகு, அங்கே போட்ட பணத்தையும் நிலத்தையும் விட்டுவிட்டு உங்கள் ஐயாமார் பலர் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்தக் கஷ்ட காலத்திலும் அதற்குப் பிறகும் வீட்டுச் சாமானை எடைக்கு எடை போட்டு வாங்கி, பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் எங்கள் தொழிலில் உண்டு. உங்கள் சந்தேகத்துக்கு அதுதான் வேர் என்று எனக்குத் தெரியும். எங்களில் சிலர் இன்றும் அப்படி இருக்கிறார்கள். அதனால் என் ஒருவன் வார்த்தையை நம்ப வேண்டாம், மூன்று கடைகளில் கேளுங்கள். ஆனால் மூன்று கடைக்கும் ஒரே உண்மையைச் சொல்லுங்கள். ஒரு கடை சொன்ன விலையைக் கூட்டிச் சொல்லி அடுத்த கடையில் பேரம் பேசினால், எங்களில் நேர்மையானவனும் கொஞ்ச நாளில் வாயை மூடிக்கொள்வான்.

ஊருக்குத் தெரியக்கூடாது என்று ராத்திரி எட்டு மணிக்கு மேல் புரோக்கர் மூலம் சாமான் அனுப்புகிறீர்களே, அந்த வெட்கம் எனக்குப் புரிகிறது. பெரிய வீட்டுப் பெயர் கெட்டுவிடும் என்கிற பயம். ஆனால் அதனால் என்ன ஆகிறது பாருங்கள். புரோக்கர் நடுவில் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார், சாமானோடு வர வேண்டிய கதையும் வழியிலேயே நின்றுவிடுகிறது. எந்த ஊர், எந்த வீடு, யார் கல்யாணத்துக்கு வந்த சீர், ரங்கூனிலிருந்தா மலாயாவிலிருந்தா என்று ஒரு வரி தெரிந்தால் அந்தப் பொருளின் மதிப்பே வேறு. பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுக்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி பகலிலேயே வந்தார்கள். எனாமல் தூக்குகள் பதினெட்டு, அடியில் ஸ்வீடன் முத்திரை, ஒன்றில்கூடத் துரு தேய்க்கவில்லை. கூடவே அவர்களுடைய மாமியாரின் கல்யாணச் சீர்ச் சிட்டை, மஞ்சள் பழுத்த தாளில். அதில் அந்தப் பதினெட்டும் வரிசையாக எழுதியிருந்தது. பிள்ளைகள் நாலு பேரும் போனில் என்னிடம் சம்மதம் சொன்னார்கள். அவர்கள் கேட்ட விலையைவிடக் கூட்டிக் கொடுத்தேன். தூக்குகள் பிரியாமல், சிட்டையோடு சேர்ந்து, ஒரே இடத்துக்குப் போயின.

தை பிறந்ததும் வீட்டை இடிக்க நாள் குறித்திருப்பவர்கள் இருக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். காண்ட்ராக்டரிடம் "உள்ளே இருக்கிறதெல்லாம் உனக்குத்தான்" என்று பேசி முடித்துவிடாதீர்கள். வீட்டு முன்பக்கப் பட்டாலையில் தொடங்கிக் கடைசிக் கட்டு வரை, தூசியோடு, இருக்கிற இடத்திலேயே ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள். பரணில் பழைய கணக்குப் புத்தகமோ கடிதமோ கிடந்தால் பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். விற்காவிட்டாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள், வந்து பார்த்து எது என்ன என்று சொல்கிறேன். அதற்குக் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து ஒரு பழைய சாமான் வியாபாரி