வலென்சியாவுக்கு வியாழக்கிழமையை வைத்துப் பயணம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரை, மாட்ரிட், செவில்லா, கிரனாடா, பார்சிலோனா எல்லாவற்றையும் ஏழே நாளில் சுற்றிவரச் சொல்கிறது. பின்னலாடை வேலையாகத் திருப்பூரிலிருந்தும் பம்பு, இயந்திர வேலையாகக் கோவையிலிருந்தும் அங்கே போகிறவர்களுக்கு, வேலை முடிந்து மிஞ்சுவது இரண்டு மூன்று நாள்தான். அதை நான்கு ஊருக்குப் பங்கு வைத்தால் பாதி நேரம் ரயில் நிலையங்களிலேயே கழிந்துவிடும். ஒரே ஊர் போதும். கொங்கு நாட்டுக்காரர்களுக்கு அந்த ஊர் வலென்சியாதான் என்று உறுதியாகச் சொல்வேன். வாய்க்கால் பாசனம், நெல், பட்டு, வணிகம் என்று நமக்குப் பழகிய நான்கும் அந்த ஊரின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கின்றன. ஆனால் அங்கே எந்த மாதம் போகிறோம் என்பதைவிட எந்தக் கிழமை போகிறோம் என்பதுதான் முக்கியம். கட்டுரையில் விட்டுப்போனது அதுதான்.

வியாழக்கிழமைதோறும் பகல் 12 மணிக்கு, பேராலயத்தின் அப்போஸ்தலர் வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களின் பாசனக்காரர்கள் தங்களுக்குள்ளேயே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள், கருப்பு அங்கி போட்டுக்கொண்டு நாற்காலிகளில் வட்டமாக உட்காருகிறார்கள். சேவகர் ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டு, யார் மீதாவது புகார் உண்டா என்று கேட்பார். முறை தவறித் தண்ணீர் எடுத்தது, கரையை உடைத்தது, தூர்வாராமல் போட்டது போன்றவைதான் வழக்குகள். விசாரணை முழுக்க வாய்மொழியாக, வலென்சிய மொழியில் நடக்கும், வக்கீல் கிடையாது. வழக்கு எந்த வாய்க்காலைச் சேர்ந்ததோ அந்த வாய்க்காலின் பிரதிநிதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். இடக்கரை வழக்குக்கு வலக்கரைக்காரர்களும், வலக்கரை வழக்குக்கு இடக்கரைக்காரர்களும் தீர்ப்பை முன்மொழிய வேண்டும். மேல்முறையீடு இல்லை. ஸ்பெயின் அரசியல் சாசனத்தின் 125ஆவது பிரிவு இத்தகைய வழக்காற்று மன்றங்களை ஏற்றுக்கொள்கிறது. யுனெஸ்கோ 2009இல் இதைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

1238இல் வலென்சியாவைப் பிடித்த அரகோன் மன்னர் முதலாம் ஜாவுமே, முஸ்லிம் ஆட்சிக்கால வாய்க்கால் முறையைக் கலைக்காமல் அப்படியே விட்டார். காலிங்கராயன் வாய்க்கால் வெட்டப்பட்டதும் அதே நூற்றாண்டில்தான். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவதையும், கடைமடைக்குத் தண்ணீர் எட்டாமல் போவதையும் அறிந்தவர்களுக்கு அந்த வாசலில் நடப்பதை யாரும் விளக்க வேண்டியதில்லை. மற்ற நாட்டுப் பயணிகள் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடும் இடத்தில் நம்மவர்களுக்குப் பார்க்க நிறைய இருக்கிறது.

பலர் ஏமாறுவதும் இங்கேதான். பல வாரங்களில் புகாரே இருக்காது. எட்டு வாய்க்கால் பெயரையும் கூப்பிட்டு முடித்ததும் சில நிமிடங்களில் மன்றம் கலைந்துவிடும். 12.10க்கு வந்தால் வெறும் வாசல்தான். 11.30க்கே அந்த வாசலுக்கு எதிரேயுள்ள விர்ஜென் சதுக்கத்தில் இடம் பிடித்துவிடுங்கள். வியாழன் அரசு விடுமுறையாக வந்தால் முதல் நாள் புதன்கிழமையே கூடும். கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 6 வரை கூடாது.

ஆகவே புதன் மாலை போய்ச் சேர்ந்து சனி மாலை கிளம்புவதே சரியான கணக்கு. வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்பும் வழக்கமான வார இறுதிப் பயணத்தில் தண்ணீர் நீதிமன்றமும் போச்சு, மத்தியச் சந்தையில் பாதியும் போச்சு. 1928இல் திறந்த அந்தச் சந்தை திங்கள் முதல் சனி வரை காலை 7.30 முதல் பிற்பகல் 3 வரைதான், ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை அருங்காட்சியகங்கள் பலவும் பூட்டிக் கிடக்கும். வியாழன் காலை எட்டு மணிக்குச் சந்தை, பத்து மணிக்கு எதிரிலேயே இருக்கும் பட்டு வணிக மாளிகை, அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால் பேராலயம் என்று வரிசை தானாக அமைந்துவிடும். பேராலயத்தின் மிகலெட் கோபுரத்தில் 207 படி, அதுவும் குறுகலான சுழல் படி. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே இருந்துவிடலாம்.

லோன்ஹா என்னும் அந்த வணிக மாளிகையைத் திருப்பூர், ஈரோடு வியாபாரிகள் அவசரமாகப் பார்க்கக் கூடாது. 1482இல் கட்டத் தொடங்கியது; 1996 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். முறுக்கிய கயிறு போலத் தூண்கள் எழும் பெரிய கூடத்தில்தான் பட்டு பேரம் பேசி விற்கப்பட்டது. சுவரின் மேல்பகுதியில் சுற்றிலும் லத்தீனில் பொறித்திருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சில் வஞ்சகம் செய்யாத, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிற, வட்டிக்குப் பணம் விடாத வணிகனுக்குச் செல்வம் பெருகும் என்பது அதன் சாரம். நெசவு தெரிந்தவர்கள் மறுநாள் வெள்ளிக்கிழமை வெல்யூட்டெர்ஸ் பகுதியிலுள்ள பட்டு அருங்காட்சியகத்துக்கும் போகலாம். பட்டு நெசவாளர் சங்கத்தின் பழைய கட்டடம் அது. ஜக்கார்டு தறி பார்த்த சென்னிமலை, சிறுமுகைக்காரர்களுக்கு நல்ல தீனி.

வெள்ளி பிற்பகலுக்குத் தூரியா ஆற்றுப் படுகை. 1957 அக்டோபர் வெள்ளத்தில் நகரம் மூழ்கிய பிறகு ஆற்றையே நகருக்குத் தெற்கே திருப்பிவிட்டார்கள். காய்ந்த பழைய படுகையில் விரைவுச்சாலை போடத் திட்டம் வந்தபோது, அது பசுமையாகவே இருக்க வேண்டும் என்று மக்கள் போராடி மாற்றினார்கள். இன்று பழைய பாலங்களுக்கு அடியில் சுமார் 9 கிலோமீட்டருக்குப் பூங்கா. நொய்யலைப் பற்றிப் பேசும் நம் ஊர் நகராட்சிக்காரர்கள் ஒருமுறையாவது அதில் முழுக்க நடந்து பார்க்க வேண்டும். வாடகை சைக்கிளும் கிடைக்கும். கிழக்குக் கோடியில் கலை அறிவியல் நகரம் என்னும் கட்டட வளாகம். உள்ளே போகக் கட்டணம் அதிகம், வெளியே சுற்றிப் பார்க்கக் கட்டணம் இல்லை.

சனிக்கிழமை அல்புஃபேரா ஏரிக்கரை நெல் வயல்களுக்கு. எல் பல்மார் ஊருக்கு 24ஆம் எண் நகரப் பேருந்து போகிறது. அடிக்கடி வராது என்பதால் இறங்கும்போதே திரும்பும் நேரத்தைப் பார்த்து வையுங்கள். மே மாதம் விதைப்பு, செப்டம்பரில் அறுப்பு. ஜூலை, ஆகஸ்டில் போனால் கண்ணுக்கெட்டிய வரை பச்சை. குளிர்காலத்தில் வயலெல்லாம் தண்ணீர் கட்டி ஏரியாகவே தெரியும்.

அரிசியால் பெயர் பெற்ற ஊர் என்றாலும் சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பயேயா என்னும் வலென்சிய அரிசி உணவில் கோழியும் முயலும் சேரும். சில சமயம் நத்தையும் உண்டு. காய்கறி பயேயா கேட்டு வாங்கலாம், ஆனால் அரிசி வேகும் சாறு இறைச்சிச் சாறா என்று தனியாகக் கேட்க வேண்டும். ‘அரோஸ் அ பந்தா’ வெறும் சோறு போலத் தெரியும். அது மீன் சாற்றில் வெந்தது. வலென்சிய சாலடில் சூரை மீன் போடுவார்கள். பயேயா மதியச் சாப்பாடு; இரண்டு பேருக்குக் குறைந்து பெரும்பாலும் செய்துதர மாட்டார்கள், அரை மணி நேரமாவது ஆகும். ஒரு மணிக்குப் பசியோடு போய் நின்றால் சமையலறையே தொடங்கியிருக்காது. இரண்டு மணிக்கு மேல்தான் அங்கே மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு எட்டரைக்கு மேல். இடையில் தாங்க ‘ஓர்சாட்டா’ குடியுங்கள். நம் தோட்டங்களில் களையாகப் பிடுங்கி எறியும் கோரையின் இனத்துக் கிழங்கை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டிச் சர்க்கரை சேர்த்த பானம், பால் இல்லை. அந்தக் கிழங்கு விளையும் அல்போராயாவுக்கு மெட்ரோ 3ஆம் தடத்தில் போகலாம்.

ரயில் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பழைய வழிகாட்டிகள் மாட்ரிட் அடோச்சா நிலையத்தைச் சொல்கின்றன. இப்போது வலென்சியா அதிவேக ரயில்களில் பெரும்பாலானவை சாமர்த்தின் நிலையத்திலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் நிலையத்தின் பெயரைப் படித்துவிட்டுப் போங்கள். மாட்ரிட் விமான நிலையத்தின் 4ஆம் முனையத்திலிருந்து சாமர்த்தினுக்குப் புறநகர் ரயில் உண்டு. அங்கிருந்து வலென்சியாவுக்கு அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். பெட்டிகளைச் சோதிப்பார்கள், கிளம்புவதற்கு முன்பே வாயிலை மூடிவிடுவார்கள். அரை மணி முன்னதாக இருங்கள். வலென்சியாவில் இறங்குவது ஹோவாக்கின் சொரோயா நிலையம். ஆரஞ்சு வடிவ அலங்காரம் போட்ட அழகான வடக்கு நிலையம் வேறு, பத்து நிமிட நடை.

விசாவுக்கு முதலில் முன்பதிவு நேரம், பிறகுதான் டிக்கெட். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், 15 நாள்தான் இருக்கிறது என்ற நிலைக்கு விடக் கூடாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, திரும்பும் தேதிக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லும் பாஸ்போர்ட், இரண்டு வெற்றுப் பக்கம் கட்டாயம். ரத்து செய்யக்கூடிய விடுதியாகவே பதியுங்கள். ஒரே பயணத்தில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிறவர்கள் அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பிராங்பர்ட் கண்காட்சிக்கு ஐந்து நாள், வலென்சியாவுக்கு மூன்று நாள் என்றால் ஜெர்மனி விசா. இதை மாற்றிச் செய்வதால் நிராகரிக்கப்படுகிறவர்கள் உண்டு.

மார்ச் 15 முதல் 19 வரை ஃபாயஸ் திருவிழா. பார்க்க வேண்டியதுதான், ஆனால் விடுதி வாடகை பல மடங்கு ஏறும், பல தெருக்களை அடைத்துவிடுவார்கள். அமைதியாக ஊர் பார்க்க அது நேரமல்ல. ஏப்ரல், மே, அக்டோபர் தொடக்கம் நல்லது. இலையுதிர் காலத்தில் மட்டும் வானிலை எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் நகருக்குத் தெற்கே இருந்த ஊர்கள்தான் கொடுமையாகப் பாதிக்கப்பட்டன. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கைப்பேசியில் அபாய ஒலி வந்தால் அல்புஃபேரா பயணத்தைக் கைவிட்டு, விடுதியின் மேல்தளத்தில் இருந்துவிடுங்கள்.

இனி வரும் பயணக் கட்டுரைகளில் ஒவ்வொரு இடத்துக்கும் விடுமுறைக் கிழமை, திறக்கும் நேரம், ரயில் நிலையத்தின் சரியான பெயர் மூன்றையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காலிங்கராயன் வாய்க்கால் பாசனப் பகுதி வாசகர்,
ஈரோடு மாவட்டம்.