கேரலாக நடித்த ஃபுளோரன்ஸ் விடோருக்கு

அன்புள்ள ஃபுளோரன்ஸ் விடோர் அவர்களுக்கு,

1977இல் காலமாகிவிட்ட உங்களுக்குக் கடிதம் எழுதுவது வேலையற்ற வேலைதான். இருந்தாலும் இதை வேறு யாரிடம் கேட்பது? நீங்கள் கேரலாக நடித்த ‘மெயின் ஸ்ட்ரீட்’ 1923இல் வந்தது. ஹாரி போமாண்ட் இயக்கினார், வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. இன்று அது தொலைந்துபோன படங்களின் கணக்கில் இருக்கிறது. அதற்கு அங்கே துணைக்கும் குறைவில்லை. 1912 முதல் 1929 வரை அமெரிக்காவில் எடுத்த சுமார் 11,000 முழுநீள மௌனப் படங்களில் 70 சதவீதம் அடியோடு போய்விட்டதாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நைட்ரேட் ஃபிலிம் எரிந்தது, மட்கியது. பழைய பிரதிகளில் இருந்த வெள்ளிக்காக அவற்றைக் கரைத்தவர்களும் உண்டு.

மிஞ்சியிருப்பது படத்துக்கு மூலமான, சின்க்ளேர் லூயிஸ் 1920இல் எழுதிய நாவல். அதில் ஒரு இடத்தைத் திரும்பத் திரும்பப் படிப்பேன். டாக்டரைக் கட்டிக்கொண்டு கோஃபர் ப்ரெய்ரி என்ற சிற்றூருக்கு வந்த கேரல் ஊரைப் பார்க்கக் கிளம்புகிறாள். 32 நிமிடத்தில் ஊர் தீர்ந்துபோகிறது. பார்த்த கடையெல்லாம் அழுக்கு. இங்கேயா காலம் தள்ளுவது என்று மனசு விட்டுப்போகிறது. அதே நேரம், அதே தெருவில், வேலை தேடி வந்த பீ சோரன்சனும் நடக்கிறாள். அவளுக்கோ அது பெரிய பட்டணம்! படத்தில் பீயாக நடித்தவர் சிரிப்பு நடிகை லூயிஸ் ஃபசெண்டா. ஒரே கடை வாசலில் முதலில் உங்கள் முகம், அப்புறம் அவர் முகம். காட்சிக்கு நடுவே எழுத்தில் வசனம் காட்டும் டைட்டில் கார்டே தேவைப்பட்டிருக்காது. அப்படித்தான் எடுத்தார்களா?

ஊர் வம்பும் மௌனப் படத்துக்குத் தோதான சரக்குதான். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து பார்க்கிற கண்களைக் காட்டினால் போதுமே. ஆனால் நாவலில் என்னை உலுக்கியது உங்கள் கேரலுக்கும் தையற்கடை எரிக்குக்கும் இடையிலான காதல் அல்ல, ஃபெர்ன் மல்லின்ஸின் கதை. சின்ன வயது டீச்சர். ஒரு நடன விருந்துக்குத் தன் மாணவனோடு போகிறாள், அவன் குடித்துவிட்டு வருகிறான். அவனுடைய அம்மா அதற்குக் கண், காது, மூக்கு வைத்து ஊர் முழுக்கச் சொல்ல, ஃபெர்னின் வேலை போகிறது, ஊரைவிட்டே ரயிலேறுகிறாள். கேரல் எரிக்குடன் இரவில் நடந்துபோனதோ டாக்டர் காரில் வந்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போவதோடு அடங்கிவிடுகிறது. டாக்டர் பெண்டாட்டிக்கு ஒரு நியாயம், ஆதரவில்லாத டீச்சருக்கு ஒரு நியாயம். நாவலாசிரியர் லூயிஸ் இதை விளக்கிச் சொல்லாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார், கெட்டிக்காரர்.

இன்னொரு வேடிக்கை. ஊரைவிட்டுப் போன எரிக்கைக் கேரல் பிற்பாடு மறுபடி பார்ப்பது ஒரு சினிமாத் திரையில். அவன் நடிகனாகிவிட்டிருக்கிறான்! அந்த எரிக்கைப் படமாக்கிய படமே இப்போது இல்லை.

உங்களைப் பார்க்க எனக்குக் கிடைத்தது, அடுத்த வருடம் லூபிட்ச் இயக்கத்தில் வந்த ‘தி மேரேஜ் சர்க்கிள்’. நல்லவேளை, அது பத்திரமாக இருக்கிறது. ‘மெயின் ஸ்ட்ரீட்’ போலவே அதிலும் மாண்டி ப்ளூதான் உங்கள் கணவர், அதிலும் டாக்டர்தான். ஊர் மட்டும் வியன்னா. அதைப் பார்த்துத்தான் கேரலை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன், ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. அங்கே நீங்கள் தோழியை நம்பிவிட்டு வேறொரு பெண்ணைச் சந்தேகப்படுகிற மனைவி. கேரலை ஊரே சந்தேகப்படுகிறது. சந்தேகப்படுகிற உங்கள் முகம் எனக்கு நன்றாகப் பழக்கம். சந்தேகத்துக்கு ஆளான முகத்தை எப்படி வைத்துக்கொண்டீர்கள்?

இப்படிக்கு,
உங்கள் ரசிகன்