பென்டன்வில் தமிழர்களுக்கு: இந்தப் பேச்சை நகர மன்றத்தில் பேசுவோம்

பென்டன்வில்லிலும் பக்கத்தில் சென்டர்டன், ராஜர்ஸ், லோவெல் ஊர்களிலும் குடியிருக்கும் தமிழ்ச் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமக்குள் ஓயாமல் நடக்கும் ஒரு வாக்குவாதத்தைப் பற்றித்தான் இந்த மடல். பொங்கல் விழாவாகட்டும், யார் வீட்டுப் பிறந்தநாளாகட்டும், நாலு பேர் சாப்பாட்டுத் தட்டோடு நின்றால் போதும், பேச்சு சுற்றிச் சுற்றி இங்கேதான் வரும்: அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் வடமேற்கு மூலையில் இருக்கும் இந்தச் சின்ன ஊர் குடும்பத்தோடு இருக்கத் தகுந்த ஊரா, இல்லை, வேலை இருக்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு டாலஸுக்கோ நியூ ஜெர்சிக்கோ கிளம்ப வேண்டிய ஊரா? இரண்டு கட்சிக்கும் ஆள் உண்டு, இரண்டிலும் எனக்கு நண்பர்கள் உண்டு, இரண்டு பேர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. என் வருத்தம் என்னவென்றால், இவ்வளவு பேசுகிறோமே, அதில் ஒரு வார்த்தைகூட இந்த ஊரை நடத்துகிறவர்கள் காதுக்குப் போவதில்லை.

ஊரைப் புகழ்கிறவர்கள் சும்மா புகழவில்லை. 2011 நவம்பரில் திறந்த கிரிஸ்டல் பிரிட்ஜஸ் கலைக்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மோஷே சாஃப்டி வடிவமைத்த கட்டடம், ஊற்றுத் தண்ணீரைத் தேக்கிய குளத்தின் மேலேயே கட்டியிருக்கிறார்கள், பொது அரங்குகளுக்கு இன்றுவரை நுழைவுக் கட்டணம் கிடையாது. நியூ ஜெர்சியில் வெள்ளத்தில் அடிக்கடி மாட்டிக்கொண்டிருந்த ஃபிராங்க் லாய்ட் ரைட் வீடு ஒன்றை அப்படியே பிரித்து எடுத்து வந்து, அந்தக் காட்டுக்குள் மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலப் பெண் தொழிலாளியாக நார்மன் ராக்வெல் வரைந்த ரோஸி ஓவியத்தின் எதிரே நம் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து பென்சிலால் அதைப் பார்த்து வரைவதை நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு சின்ன ஊரில் இது சாதாரண விஷயமா?

அப்புறம் பாதைகள். பென்டன்வில்லிலிருந்து ஃபேயட்வில் வரை போகும் ரேசர்பேக் கிரீன்வே பாதை 36 மைலுக்கு மேல், பெரும்பாலும் கார் தொந்தரவு இல்லாமல் நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். ஏப்ரலில் ரெட்பட் மரங்களும் டாக்வுட் மரங்களும் பூத்து நிற்கும்போது ஓசார்க் மலைகளுக்குள் அரை மணி நேரம் வண்டி ஓட்டினாலே மனசு லேசாகிவிடும். அலுவலகத்துக்குப் பத்து நிமிஷம், பள்ளிக்கு ஐந்து நிமிஷம், மாலை ஆறு மணிக்கு அப்பாவும் பிள்ளையும் ஒன்றாகச் சாப்பிட முடிகிற வாழ்க்கை. பெங்களூரிலும் சென்னை ஓஎம்ஆரிலும் ரோட்டிலேயே பாதி ஆயுளைத் தொலைத்துவிட்டு வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

2024 மே 26 அதிகாலையை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சைரன் அலற, குழந்தைகளைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்து மேலே மெத்தையைப் போட்டுக்கொண்டு கிடந்தோம். விடிந்து வெளியே வந்தால் ராஜர்ஸ் பக்கம் முழுக்க மரம் சாய்ந்து கிடக்கிறது, கரன்ட் இல்லை, உயிர்ச்சேதம் வேறு. எங்கள் தெருவில் அதுவரை கையை மட்டும் அசைத்துவிட்டுப் போகும் பெரியவர் ஒருவர் செயின்சாவோடு வந்து, யாரும் கேட்காமலே எங்கள் வாசலை அடைத்துக் கிடந்த ஓக் கிளையை அறுத்துப்போட்டார், அடுத்த வீட்டுக்கும் அதற்கடுத்த வீட்டுக்கும் போனார். எங்கள் ஃப்ரிட்ஜில் கெட்டுப்போக இருந்த இட்லி மாவை கேஸ் அடுப்பில் ஊற்றி அன்று தெருவுக்கே கொடுத்தோம். இந்த ஊர்க்காரர்கள் நல்லவர்கள் என்று யாராவது சொன்னால் நான் எதிர்த்துப் பேசமாட்டேன்.

சரி, மறுபக்கம். டல்சா இரண்டு மணி நேரம், கேன்சஸ் சிட்டி மூன்றுக்கு மேல், டாலஸ் ஐந்துக்கு மேல். நல்ல கருவேப்பிலையும் நல்ல மீனும் வேண்டுமென்றால் டாலஸ் போகிறவர் கையில் பட்டியல் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கிறது. விமான நிலையம் 1998இல்தான் வந்தது, இந்தியாவுக்குப் போவதென்றால் முதலில் இன்னோர் ஊரில் இறங்கி மாற வேண்டும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் வந்த ராத்திரியில் அந்தக் கூடுதல் ஏழெட்டு மணி நேரம் என்ன பாடுபடுத்தும் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். வேலையும் பெரும்பாலும் இங்கே தலைமையகம் வைத்திருக்கும் கடை நிறுவனமான வால்மார்ட்டையும் அதற்குச் சரக்கு விற்க வந்த கம்பெனிகளையும் நம்பித்தான். 2025 மே மாதம் வால்மார்ட் சுமார் 1,500 பேரை நீக்கப்போவதாக அறிவித்தபோது எத்தனை வீடுகளில் தூக்கம் போனது? எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் பொதுவாகக் கிடைப்பது 60 நாள் அவகாசம், அதற்குள் இதே ஊரில் இன்னொரு வேலை என்பது டாலஸில் தேடுவது போல எளிதாக இருக்காது. அதே ஆண்டு செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று வேறு வந்துவிட்டது. கணவரின் எச்-1பியைச் சார்ந்த எச்-4 விசாவில் வந்து வேலை அனுமதிக்காக வருஷக்கணக்கில் காத்துக் கிடக்கும் பெண்கள், அதிலும் முதுகலை முடித்தவர்கள், நம் அப்பார்ட்மென்ட் வளாகம் ஒவ்வொன்றிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் அமைதியான ஊர், அழகான ஊர் என்று சொன்னால் அவர்களுக்குக் கோபம் வருவது நியாயம்தான்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். விசா வாஷிங்டன் விவகாரம். வேலை கம்பெனி விவகாரம். டாலஸ் தூரத்தை யாராலும் குறைக்க முடியாது. இவற்றை எடுத்துவிட்டு மிச்சக் குறைகளைப் பாருங்கள்: வாடகை, வீட்டு விலை, நடைபாதை, பஸ், விளையாட இடம். இந்த ஐந்திலும் நகர மன்றத்துக்குக் கை இருக்கிறது. நாம் அங்கே போவதில்லை.

வாடகையைச் சொல்கிறேன். 2000 கணக்கெடுப்பில் இந்த ஊர் மக்கள்தொகை 19,730. 2010இல் 35,301. 2020இல் 54,164. இருபது வருஷத்தில் இரண்டரை மடங்கைத் தாண்டிவிட்டது. 2020 கடைசியில், வெளியூரிலிருந்து வீட்டிலிருந்தபடி வேலை செய்கிறவர்கள் இந்தப் பகுதிக்குக் குடிவந்தால் 10,000 டாலரும் ஒரு சைக்கிளும் தருவதாகச் சொல்லி ஆள் சேர்த்தார்கள். 2024இல் டாலஸ், அட்லாண்டா, டொரண்டோ அலுவலகங்களில் இருந்த பலரை வால்மார்ட் இடம் மாறச் சொன்னது, பெரும்பாலும் இங்கே. 350 ஏக்கரில் அதன் புதுத் தலைமையகம் 2025 ஜனவரியில் திறந்தது. ஆள் வந்த வேகத்துக்கு வீடு வரவில்லை. அதனால் 2015 வாக்கில் வீடு வாங்கிப் போட்டவர் இந்த ஊரைச் சொர்க்கம் என்கிறார், போன வருஷம் வந்து, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கச் சொல்லும் லீஸ் ரின்யூவல் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தவர் திட்டுகிறார். குணத்தில் ஒன்றும் வித்தியாசமில்லை, வந்து இறங்கிய வருஷம்தான் வித்தியாசம்.

நம்மைவிட அதிகமாக அடிபட்டவர்களும் இருக்கிறார்கள், அதையும் சொல்லாமல் விட்டால் தப்பு. தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருந்த குடும்பங்கள் சொத்து வரியும் விலையும் ஏறி விற்றுவிட்டுத் தள்ளிப் போகின்றன. பள்ளி ஆசிரியர்களுக்கே வாடகை கட்டுபடியாகவில்லை. நாம் காசு கொடுக்கும் கடைகளில் நிற்பவர்கள், நம் பிள்ளைகளின் பஸ்ஸை ஓட்டுபவர்கள், ஸ்பிரிங்டேலில் பெரிய சமூகமாக வாழும் மார்ஷல் தீவுக்காரர்கள், இவர்கள் படும் பாட்டின் முன் நம் ரின்யூவல் கடிதம் சின்ன விஷயம்.

அப்பார்ட்மென்ட் கட்ட மனை வகையை மாற்றித் தரும்படி கேட்ட ஒரு மனுவின் பப்ளிக் ஹியரிங்குக்கு, அதாவது பொதுமக்கள் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து மனைக்காரர்கள் வரிசையாக எழுந்து மைக் முன் நின்று, பெயரும் முகவரியும் சொல்லிவிட்டு, போக்குவரத்து கூடும், பள்ளியில் கூட்டம் கூடும், ஊரின் தன்மை கெட்டுவிடும் என்று பேசினார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்கள் வீட்டு வாசல் விஷயம், வந்தார்கள், பேசினார்கள். ஆனால் அந்த வீடுகள் கட்டப்பட்டால் அங்கே குடிபோகக்கூடிய ஒருவர்கூட அந்த அறையில் இல்லை. "எங்களுக்கு இது வேண்டும், வாடகை தாங்கவில்லை" என்று சொல்ல ஒரு குரல் இல்லை. மேடையில் உட்கார்ந்திருப்பவர்கள் யாருடைய பேச்சைக் கேட்டு முடிவெடுப்பார்கள்? கேட்கிற பேச்சைத்தான்.

நடைபாதைக்கு வருகிறேன், இது எனக்கு மனசில் அதிகமாக உறுத்துகிற விஷயம். விசிட்டர் விசாவில் நம் அப்பா அம்மாக்கள் ஆறு மாதம் தங்க வருகிறார்கள். ஊரில் காலையில் எழுந்து டீக்கடை வரை நடந்து, பேப்பர் பார்த்து, நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தவர்கள். பென்டன்வில்லில் சென்டர்டன் பக்கம் புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரு பெரியவர் வேட்டி, ஸ்வெட்டர், குரங்குக் குல்லாயோடு தினமும் நடக்கக் கிளம்புவார். அவர்கள் வீட்டு வரிசை முடியும் இடத்தில் சிமென்ட் நடைபாதையும் முடிந்துவிடும், அதற்கு அப்பால் இன்னும் மனையாகாத வயல், புல், பள்ளம், நாற்பத்தைந்து மைல் வேகத்தில் பிக்கப் டிரக்குகள். கடை கண்ணுக்குத் தெரிகிறது, கால் மைல்கூட இருக்காது. அவரால் அங்கே போக முடியாது. நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். பிள்ளை வேலையிலிருந்து வரும்வரை வீடே கதி. இந்தப் பகுதியில் ஓசார்க் ரீஜனல் டிரான்சிட் பஸ்களை ஓட்டுகிறது, ஆனால் நம் வீட்டிலிருந்து கடைக்கும் கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் பெரியவர்கள் நம்பி ஏறுகிற அளவுக்குச் சேவை இல்லை. மலைச் சைக்கிளுக்கு உலகத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்ளும் ஊர், அந்தப் பாதைகளைப் போட்ட அக்கறையில் ஒரு பங்கை இந்தக் கால் மைலுக்கும் காட்டலாம். கேட்டால் செய்யக்கூடியவர்கள்தான், கேட்க வேண்டும்.

"நமக்கு ஓட்டே இல்லையே, நாம் போய் என்ன பேசுவது?" என்பீர்கள். பப்ளிக் ஹியரிங்கில் பேச வாக்காளர் அட்டை கேட்பதில்லை. இங்கே வாங்கும் பொருளுக்கு ஒன்பதரை சதவீத விற்பனை வரி கட்டுகிறோம், அதில் இரண்டு சதவீதம் நகரத்துக்குப் போகிறது. 2026 ஜனவரியிலிருந்து மளிகைக்கு மாநில வரி இல்லை, நகர வரியும் கவுண்டி வரியும் இன்னும் உண்டு. அதாவது வாங்குகிற ஒவ்வொரு அரிசி மூட்டையிலும் இந்த ஊர் நடைபாதைக்கு நம் பங்கு இருக்கிறது. விசா எதுவானாலும் கேட்கும் உரிமை இருக்கிறது. குடியுரிமை வாங்கியவர்கள் நம்மில் இன்றைக்குக் கணிசமாக இருக்கிறார்கள், அவர்களைத் தனியாகவே கேட்டுக்கொள்கிறேன்: வாக்காளராகப் பதிந்துகொள்ளுங்கள், ஆர்கன்சாவில் தேர்தலுக்கு 30 நாள் முன்பே பதிந்திருக்க வேண்டும். ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டும் போகாதீர்கள். நகர மன்றத்துக்கு நான்கு வார்டு, வார்டுக்கு இரண்டு உறுப்பினர், நம் அப்பார்ட்மென்ட் வளாகத்துக்கு எந்த உறுப்பினர் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பேசி என்ன ஆகப்போகிறது என்கிறவர்களுக்கு, ஊர் நடுச் சதுக்கத்தைக் காட்டுகிறேன். வால்மார்ட்டைத் தொடங்கிய சாம் வால்டன் 1950இல் சின்னக் கடை வைத்த அதே சதுக்கம். அங்கே 1908இல் வைத்த, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் கூட்டமைப்புப் படை வீரன் சிலை நூறு வருஷத்துக்கு மேல் நின்றது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட படையின் சின்னம் ஊர் நடுவே ஏன் என்று இங்கேயே வாழ்கிறவர்கள் விடாமல் கேட்டார்கள், வேண்டும் என்றவர்களும் விடாமல் பேசினார்கள். கடைசியில் சிலைக்கு உரிமையுள்ள அமைப்பே ஒப்புக்கொண்டு, 2020 செப்டம்பரில் அது அங்கிருந்து எடுக்கப்பட்டது. அந்த அளவு கனமான விஷயமே அசைந்திருக்கிறது. நாம் கேட்பது கால் மைல் சிமென்ட்.

பொங்கல் விழாவுக்கு மேடை, ஒலிபெருக்கி, நாற்பது பேருக்கான நாட்டியப் பயிற்சி என்று எவ்வளவு ஒழுங்காக வேலை பிரித்துக்கொள்கிறோம்! அதே ஆட்கள், அதே ஒழுங்கு போதும். ஒருவர் கூட்ட நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, நம் பகுதி விஷயம் வந்தால் சொல்லட்டும். எச்-4இல் இருக்கும் சகோதரிகளே, உங்களில் நகரத் திட்டமிடல் படித்தவர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சம்பளத்துக்கு வேலை செய்யத்தான் அனுமதி இல்லை. மைக் முன் நின்று பேசத் தடை இல்லை, நம்மில் பலரைவிட நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள். தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள், அவர்கள் தமிழில் சொல்லட்டும், பக்கத்தில் நின்று நாம் ஆங்கிலத்தில் சொல்லலாம்.

ஊர் பிடிக்கவில்லை என்கிறவர்கள் வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முக்கியமாக அவர்கள்தான் வரவேண்டும். அடுத்த வருஷமே டாலஸ் போகப்போகிறவராக இருந்தாலும் பரவாயில்லை. நீங்கள் காலி செய்யும் வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வரும், அவர்கள் வீட்டுக்கும் ஒரு பெரியவர் ஆறு மாதத்துக்கு வருவார்.

கூட்டங்கள் வழக்கமாகச் செவ்வாய்க்கிழமை மாலைகளில் நடக்கின்றன. நான் போகிறேன். என் வண்டியில் ஆறு பேர் உட்காரலாம், அலுவலகத்திலிருந்து நேராக வருகிறவர்களுக்கு டிபன் நான் கொண்டுவருகிறேன். எந்தச் செவ்வாய் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
பென்டன்வில்லில் வாடகைக்கு இருக்கும் ஒரு தமிழன்