தவளையைப் பார்ப்பீர்களா, மாட்டீர்களா?

மேற்கு சிட்னியில் இரவு நேர விலங்கு மருத்துவமனை நடத்தும் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு உங்களில் ஒருவருடைய வரவேற்பறையில், மடியில் ஐஸ்கிரீம் டப்பாவோடு உட்கார்ந்திருந்தவன் நான். டப்பாவுக்குள் இருந்தது ஒன்பது வயதான எங்கள் பச்சை மரத்தவளை. மகள் வைத்த பெயர் குண்டு. எந்த மருத்துவமனை என்று எழுதப்போவதில்லை, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரியும்.

கிளம்பும் முன்பே போனில் மரத்தவளை என்று தெளிவாகச் சொன்னேன். "எல்லா விலங்குகளையும் பார்ப்போம், கொண்டுவாருங்கள்" என்றார்கள். குண்டுவுக்குக் குடல் பின்புறமாக வெளியே தள்ளியிருந்தது. அந்தச் சதை காய்ந்தால் அழுகிவிடும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அல்லது, வேண்டுமோ? உங்கள் உதவியாளர் கைகளில் கிருமிநாசினியைத் தேய்த்த ஈரம் ஆறுவதற்குள் டப்பாவைத் திறந்து, குண்டுவை உலர்ந்த துண்டில் சுற்ற வந்தார். தோலாலும் மூச்சுவிடும் பிராணி அது. தண்ணீரைக்கூட வாயால் குடிக்காமல் வயிற்றுத் தோலால் உறிஞ்சிக்கொள்ளும். தடுத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன குளோரின் நீக்கிய தண்ணீரால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நானே நனைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். கணினிப் படிவத்தில் தவளைக்கு இடம் இல்லாததால் முயல் என்று பதிவு செய்தார்கள். ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது: முயல், நிறம் பச்சை.

பிறகு மருத்துவர் வந்து, இங்கே யாரும் தவளை பார்ப்பதில்லை என்றார். வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். திங்கட்கிழமை விசாரித்துப் பாருங்கள் என்றார். கட்டணம் வாங்கும்போது வரவேற்பாளர் தணிந்த குரலில், "வீட்டில் ஃப்ரீசர் இருக்கிறதல்லவா?" என்றார். உறையவைத்துக் கொன்றுவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். மகள் பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

என் கோரிக்கை சிறியது. போனை எடுத்ததும் பார்ப்போம் அல்லது பார்ப்பதில்லை என்று உண்மையைச் சொல்லுங்கள். பார்ப்பதில்லை என்றால், பார்ப்பவரின் எண்ணைக் கொடுங்கள்.

என் பக்கமும் தவறு உண்டு. தொட்டியில் பொடிக்கல் பரப்பியவன் நான்தான். வெட்டுக்கிளியைக் கவ்வப் பாய்ந்தபோது கல்லையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது. குடல் தள்ளியது அதனால்தான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இது என் கையாலும் கெட்டது.

ஆனால் இந்த மாநிலத்தில் தவளை வளர்க்க உரிமம் வேண்டும். காட்டிலிருந்து பிடித்துவரக் கூடாது. வாங்கினால், விற்றால், செத்தால் பதிவேட்டில் குறிக்க வேண்டும். 2021 குளிர்காலத்தில் கிழக்கு ஆஸ்திரேலியா முழுவதும் தவளைகள் கொத்துக்கொத்தாக இறந்தபோது, ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் பொதுமக்களிடம் தகவல் கேட்டது. அப்போது பெரிதும் அடிபட்டவற்றில் இந்தப் பச்சை மரத்தவளையும் ஒன்று. ஆக, தவளை செத்தால் குறித்துக்கொள்ளப் பலர் இருக்கிறார்கள். உயிரோடு நோயில் கிடந்தால் அது முயலாகிவிடுகிறது. வருமானம் நாயிலும் பூனையிலும் இருக்கிறது என்பது புரியாமல் இல்லை. வாசலில் "எல்லா உயிர்களுக்கும்" என்று எழுதிய பலகையில் ஒரு பூனைப்படமும் நாய்ப்படமும் மட்டும் இருந்ததை நான்தான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

தவளை வளர்க்கும் நண்பர் ஒருவர் நள்ளிரவில் ஓர் எண்ணை அனுப்பினார். மறுநாள் காலை ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிப் போனோம். அந்த மருத்துவர் குடலைச் சர்க்கரைக் கரைசலில் நனைத்து, வீக்கம் வடிந்ததும் உள்ளே தள்ளித் தையல் போட்டார். ஓரத்தில் கொஞ்சம் சதை கறுத்திருந்தது. "இரவே ஏன் அழைக்கவில்லை?" என்று கேட்டார். அவர் எண் உங்கள் வரவேற்பறை மேசையில் இருந்திருந்தால் அழைத்திருப்பேன்.

அந்த எண்ணை, அவர் சம்மதத்தோடு, உங்கள் அனைவருக்கும் தனியாக அனுப்பியிருக்கிறேன். தயவுசெய்து போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். ரசீதில் முயல் என்பதையும் திருத்தித் தந்தால் நன்றியுடையவனாக இருப்பேன். என் பதிவேட்டில் முயல் இல்லை.

இப்படிக்கு,
குண்டுவின் வீட்டுக்காரன்