படம் எடுத்து வைத்தவர்களுக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

களவு போன சாமி சிலைகள் ஊர் திரும்பக் காரணமாக இருந்தவர்களுக்கு இந்த மடல். முதல் நன்றி புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் புகைப்படக்காரர்களுக்கு. 1950-களிலிருந்து கோயில் கோயிலாகப் போய்ப் படம் எடுத்தீர்கள். கலை ஆராய்ச்சிக்காக எடுத்தவை அவை. திருடனைப் பிடிக்க உதவும் என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்? மயிலாடுதுறை மாவட்டம் அனந்தமங்கலத்தில் 1958-ல் நீங்கள் எடுத்த படத்தில் ராமர், சீதை, லட்சுமணர் இருக்கிறார்கள். 1978-ல் மூவரும் களவு போனார்கள். 2020-ல் லண்டனில் நம் தூதரகத்திடம் அவர்கள் ஒப்படைக்கப்பட்டபோது அந்தப் படம்தான் பேசியது. போலீஸ் விவரம் சொன்னதும் வழக்கு, வாய்தா என்று இழுக்காமல் தம்மிடம் இருந்த சிலைகளைத் தாமாகவே கொடுத்த லண்டன்காரருக்கும் என் நன்றி. எல்லோருக்கும் அந்த மனசு வராது.

ஒரு படம் எப்படிச் சாட்சியாகும் என்று கேட்பவர்கள் உண்டு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். உடைந்த அந்த மண் அச்சை வைத்து இன்னொன்று வார்க்க முடியாது; ஒவ்வொரு சிலையும் தனி. அதனால் சிலையைச் சுற்றியுள்ள திருவாசியில் எத்தனை சுடர், எது முறிந்திருக்கிறது, பீடத்தில் எங்கே வடு என்று ஒவ்வொன்றாகப் படத்தோடு ஒத்துப் பார்க்கலாம்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராஜரை 2008-ல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. பழஞ்சிலைகளை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை போடும் 1972-ன் தொல்பொருள் சட்டத்துக்கு முன்பே சிலை இந்தியாவை விட்டுப் போய்விட்டதாகப் பத்திரம் காட்டினார் அதை விற்ற நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர். புதுச்சேரிப் படமோ 1990-களில் எடுத்தது. அதில் நடராஜர் கோயிலில்தான் இருக்கிறார். அதற்கு மேல் பத்திரம் எங்கே நிற்கும்? 2014-ல் நடராஜர் திரும்பினார். கூடவே விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரரும்.

இந்தப் படங்களையும் ஏல நிறுவனங்களின் பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண் வலிக்கப் பார்க்கும் எஸ். விஜயகுமாருக்கும், களவு போன சிலைகளைத் தேடும் இந்தியா பிரைட் பிராஜெக்ட் அமைப்பின் தன்னார்வலர்களுக்கும் நன்றி.

சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக் காவலர்களே, 2011-ல் ஜெர்மனியில் பிடிபட்ட கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது 2022-ல். அத்தனை வருடம் வழக்குக் கட்டைக் கீழே வைக்காமல் தூக்கிச் சுமந்தீர்கள். கோர்ட் படியேறிச் சாட்சி சொன்னவர்களையும் மறக்க மாட்டோம்.

படமே இல்லாத கோயில்கள் இன்னும் இருக்கின்றன என்பதுதான் என் கவலை. அங்கே சிலை போனால் எதைக் காட்டி நம்முடையது என்பது? அதனால், உற்சவரின் அலங்காரத்தைக் களைந்து, பொறுமையாகப் படமெடுக்க இடம் கொடுக்கும் குருக்கள்மார்களுக்கும் பட்டாச்சாரியார்களுக்கும் தனியாக ஒரு நன்றி. பின்பக்கத்தையும் பீடத்தையும் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள் சாமி.

நன்றியுடன்,
ஒரு பக்தை