அம்மாவின் ரத்தப் பரிசோதனை பற்றி

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 6.2 என்று படித்ததும் பதறிவிட்டேன். இரண்டு பை ரத்தம் ஏற்றிய பிறகு எழுந்து நடமாடுகிறார் என்றாயே, அதுவே பெரிய நிம்மதி. பெரியவர்களுக்கு ஒரு பைக்கு ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் ஏறும். 8 வந்திருப்பது சரியான கணக்குத்தான். இங்கே எல்லோரும் நலம். மகள் நர்சிங் முடித்து வேலைக்குப் போகிறாள்.

ஏற்றிய ரத்தம் உடம்பில் உப்புகளின் அளவை மாற்றிவிடுமா என்று கேட்டிருந்தாய். மாற்றும். சிவப்பணுக்களைக் குளிரில் 42 நாள் வரை வைத்திருப்பார்கள். அந்தக் குளிரில் அணுவுக்குள் இருக்கும் பொட்டாசியம் மெல்ல வெளியே கசியும். உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட்டோ, ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். உதடும் விரல் நுனியும் மரத்துப்போவது அதனால்தான். ஆனால் நிதானமாக ஒன்றிரண்டு பை ஏற்றினால், சிறுநீரகமும் கல்லீரலும் இதைச் சமாளித்துவிடும். சிறுநீரகம் பழுதானவர்கள், பச்சிளங்குழந்தைகள், அவசரமாகப் பல பைகள் ஏற்றப்படுபவர்கள், இவர்களுக்குத்தான் பொட்டாசியம் கூடி இதயத் துடிப்பே தடுமாறலாம்.

எனக்குக் கவலை இரும்புச்சத்தைப் பற்றித்தான். ஒரு பையில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு நாளைக்கு 1, 2 மில்லிகிராம்தான். மிஞ்சியதை வெளியே தள்ளவும் அதற்கு வழி கிடையாது. அம்மாவுக்கு இரும்புக் குறைவால் வந்த ரத்தசோகை என்றால் இது நல்லதுதான், புது அணுக்கள் உண்டாக உதவும். பரம்பரையாக வரும் ரத்தக் கோளாறான தலசீமியா போலவோ, எலும்பு மஜ்ஜைக் கோளாறாகவோ இருந்து அடிக்கடி ஏற்ற வேண்டிவந்தால், அந்த இரும்பு கல்லீரலிலும் இதயத்திலும் படியும். அப்போது இரும்பை வெளியேற்றத் தனியாக மருந்து கொடுப்பார்கள்.

அதனால் சோகைக்குக் காரணம் என்னவென்று டாக்டரிடம் அவசியம் கேள். ரத்தம் ஏற்றுவதற்கு முன் எடுத்த மாதிரியில் ஃபெரிட்டினும் (உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) வைட்டமின் பி12ம் பார்த்தார்களா? இப்போது எடுத்தால் கொடுத்தவரின் ரத்தமும் கலந்திருப்பதால் முடிவு குழப்பும். அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை உண்டே! மூன்று மாதச் சராசரி பார்க்கும் ஹெச்பிஏ1சி சோதனையைக் கொஞ்ச காலத்துக்கு நம்ப வேண்டாம். வீட்டில் குளுக்கோமீட்டரில் பார்த்துக் குறித்து வை.

பழைய ரிப்போர்ட்டுகளை எனக்கு அனுப்பு. அம்மாவை நான் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
செல்வம்